வெளியூரில் வீட்டுக்காரருக்குத் தலைசுற்றினால்...

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், குழு ஊக்குநர் ஒருவர் தம் சொந்த அனுபவத்தைப் பேசினார். வந்திருந்த உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் அந்தப் பேச்சை இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் வங்கி இணைப்புக் கடன் பற்றிப் பேசினேன். இன்றைக்கு வேறு விஷயம் பேசப் போகிறேன். இது எங்கள் வீட்டில் நடந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்பதால் சொல்கிறேன்.

2025 பொங்கல் லீவில் நாங்கள் கன்னியாகுமரிக்குப் போனோம். எங்கள் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், மாமியார், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து பதினாலு பேர், ஒரு வேன். எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், துட்டி என்றில்லாமல் ஊர் சுற்றிப் பார்க்கவென்று கிளம்பியது அதுதான் முதல் தடவை. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் கடல்மேல் கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பர் கடைசியில் திறந்திருந்தார்கள். அதை டி.வி.யில் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் விடவில்லை. நானும் ஒரு வருஷமாகப் பால் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தேன்.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் கன்னியாகுமரியில் லாட்ஜ் எடுத்தோம். இரண்டாவது மாடி. மறுநாள் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கே எல்லோரையும் எழுப்பினேன். எங்கள் வீட்டுக்காரர் படுக்கையில் வலது பக்கம் புரண்டார். புரண்டவர், "ஏய், ரூம் சுத்துது, பிடி பிடி"ன்னு கத்திக்கொண்டே கட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அடுத்து வாந்தி. முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது.

அவர் கொத்தனார். முப்பது வருஷமாகச் சாரம் ஏறுகிறவர். மூன்றாம் மாடிச் சுவரில் நின்றுகொண்டு பீடி பற்ற வைக்கிற மனுஷன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதைப் பார்த்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, "அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான்டி வந்துச்சு"ன்னு அழ ஆரம்பித்தார். மாமனார் பக்கவாதத்தில் போனவர். அறை முழுக்கக் கூட்டம். ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தர் "பித்தம் தலைக்கு ஏறிடுச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுங்க" என்றார். ஒருத்தர் "சோடா குடுங்க" என்றார். கொழுந்தனார், "கொஞ்சம் நடக்க விட்டாச் சரியாயிடும் மதினி"ன்னு அவரைத் தூக்கி நிறுத்தப் போனார். பக்கத்து அறைக்காரர் ஒருவர் தன் மனைவியின் தலைசுற்றல் மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. நம் குழுக் கூட்டத்துக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் பக்கவாதம் பற்றிச் சொல்லிக் கொடுத்தார் இல்லையா? சிரிக்கச் சொல்லு, இரண்டு கையையும் தூக்கச் சொல்லு, பேசச் சொல்லு என்று. அன்றைக்கு நாம் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சிரிக்கச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம். அது அன்றைக்குக் கைகொடுத்தது.

"ஏங்க, கொஞ்சம் சிரிங்க" என்றேன்.

"உசிரு போகுது, சிரிக்கச் சொல்றியே, உனக்கு அறிவிருக்கா?" என்று திட்டினார்.

வார்த்தை குழறவில்லை. வாய் கோணவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், இரண்டு கையும் சமமாகத் தூக்கினார். அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனாலும் நிற்க முடியவில்லையே, பி.பி. உள்ளவராயிற்றே என்று 108-க்குப் போன் போட்டேன்.

இங்கேதான் என் முதல் தப்பு. "எந்த லாட்ஜ்? பக்கத்தில் என்ன அடையாளம்?" என்று கேட்டார்கள். எனக்கு லாட்ஜ் பெயர் தெரியவில்லை! வேன் நின்றது, இறங்கினோம், படுத்தோம், அவ்வளவுதான். பெயரைப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரூம் பையனைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன். அவன்தான் விலாசம் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்ததும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்தக் குறுகலான மாடிப்படியில் நாலு பேர் இறக்கினார்கள்.

இரண்டாவது தப்பு அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. டாக்டரம்மா கேட்டார், "பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை" என்றேன்.

"முக்கால்வாசி மாத்திரை வெள்ளைதாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. குழுவில் பன்னிரண்டு பேருடைய கடன் பாக்கியை நோட்டைப் பார்க்காமல் சொல்வேன். யார் எந்தத் தவணை கட்டினார்கள் என்பது விரல்நுனியில் இருக்கும். இருபத்தாறு வருஷம் கூட இருக்கிற மனுஷன் தினமும் விழுங்குகிற மாத்திரை பெயர் தெரியவில்லை. அதைவிட, மாத்திரைப் பட்டையை வீட்டு மாடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார், இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரியும்.

டாக்டரம்மா பி.பி., சர்க்கரை பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கை கால் பலம் பார்த்தார். பார்வை இரண்டு இரண்டாகத் தெரிகிறதா, விழுங்க முடிகிறதா, தலைவலி உண்டா, காதில் இரைச்சல் உண்டா என்றெல்லாம் கேட்டார். அப்புறம் என்னிடம், "எப்ப வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றார். இதை மட்டும் நான் சரியாகச் சொன்னேன். "புரண்டு படுத்தப்போ வந்துச்சு. அசையாம இருந்தா ஒரு நிமிஷத்துல நின்னுடுது. தலையைத் திருப்பினா மறுபடி வருது" என்றேன். "இதுதாம்மா எனக்கு வேணும்" என்றார்.

பிறகு அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். உடனே அவர் கத்தினார். அவர் கருவிழி இரண்டும் தானாகத் துடித்ததை நானே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

அந்த அம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "நீங்க கொத்தனார்தானே? ரசமட்டம் வச்சுத்தானே சுவர் மட்டம் பாக்குறீங்க? அதே மாதிரி உங்க காதுக்குள்ளயும் ரசமட்டம் இருக்கு. உள்காதுல மூணு அரைவட்டக் குழாய், உள்ளே தண்ணி மாதிரி திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு அதுதான் மூளைக்குச் சொல்லும். அதுக்குப் பக்கத்துல ரொம்பப் பொடிசா சுண்ணாம்புத் துகள் ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தத் துகள் இடம் விட்டு நழுவிக் குழாய்க்குள்ள விழுந்துடுச்சுன்னா, தலை நின்னாலும் 'சுத்துது, சுத்துது'ன்னு மூளைக்குப் பொய்த் தகவல் போகும். அதான் ரூம் சுத்துன மாதிரி இருக்கு."

அப்புறம் தலையை ஒரு பக்கம், மறு பக்கம், பிறகு உடம்போடு சேர்த்து ஒருக்களித்து என்று மெதுவாக, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தித் திருப்பிவிட்டு, கடைசியில் உட்கார வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, கத்தி இல்லை. ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறையாம். குழாய்க்குள் விழுந்த துகளைப் பழைய இடத்துக்கே உருட்டி விடுகிறார்கள்.

நான் கேட்டேன், "சாதாரண விஷயம்தானா? வீணா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டேனா?"

"இல்லம்மா. ஐம்பது தாண்டியவர், பி.பி. இருக்கு, முதல் தடவை வந்திருக்கு, நிக்க முடியல. வந்ததுதான் சரி. சில பக்கவாதம் வாய் கோணாம, கை விழாம, வெறும் தலைசுத்தலா மட்டும் வரும். அதை வீட்டில் இருந்தே யாராலும் சொல்ல முடியாது" என்றார். சகோதரிகளே, இதை மனசில் வையுங்கள். சிரிக்க முடிகிறது, கை தூக்க முடிகிறது என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

இனி, அந்த அம்மாவிடமும் பிறகு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

1. இருந்த இடத்திலேயே உட்கார வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். விழுந்து மண்டை உடைந்தால் அது வேறு ஆபத்து.

2. தலையை அசைக்காமல் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

3. மணி பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தபோது வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டினால் வரும் பக்கவாதமாக இருந்தால், கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் மணி ரொம்ப முக்கியம்.

4. சர்க்கரை வியாதிக்காரர் என்றால், நல்ல நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், சர்க்கரையோ இனிப்பான டீயோ கொடுக்கலாம். சர்க்கரை குறைந்தாலும் தலை கிறுகிறுக்கும்.

5. கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருத்தர் நோயாளிகூட, ஒருத்தர் போனுக்கு, ஒருத்தர் பிள்ளைகளோடு. அழுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்:

வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது அல்லது மரத்துப் போவது, பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, நெஞ்சு வலி, நினைவு தப்புவது, திடீரென்று காது கேட்காமல் போவது, பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே முடியாதது, தலையில் அடிபட்ட பிறகு வரும் தலைசுற்றல். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை:

மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. அடுத்தவர் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பி.பி. ஏறியிருக்கும் என்று நாமே நினைத்து இரண்டு மாத்திரையாகக் கொடுக்கக் கூடாது. கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்கக் கூடாது. அந்தத் துகளை உருட்டிவிடும் முறையை செல்போனில் பார்த்துவிட்டு நாமே செய்யவும் கூடாது. எந்தக் காது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று. தலைசுற்றல் எல்லாம் ஒன்றல்ல. படுத்து எழும்போது பி.பி. இறங்கி வருவது ஒன்று. ரத்தசோகையில் வருவது ஒன்று. காதில் இரைச்சலும் அடைப்புமாக வருவது ஒன்று. எங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், அதுவும் ஐம்பது வயதுக்கு மேல். அதனால் இதை வீட்டுக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு நமக்கும் வரலாம்.

சரி, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மதியம் லாட்ஜுக்குத் திரும்பினோம். மற்றவர்களை நான்தான் வற்புறுத்திப் படகில் பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் அனுப்பி வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் அறையில் இருந்தோம். அவர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, "என்னால எல்லாருக்கும் கெட்டுப் போச்சு" என்றார். நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கிளம்பினேன், அதுவும் இப்படியா என்று. மாத்திரையை மறந்துவிட்டு வந்ததற்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது.

கேட்கவில்லை. அவர் பயந்துபோயிருந்தார். கழிவறைக்குப் போக என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கே அவருக்கு வெட்கம். பொண்டாட்டி தோளைப் பிடித்து நடக்கிறோமே என்று. சகோதரிகளே, நமக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லி அழுதுவிடுகிறோம். ஆம்பிளைகளுக்கு அது வருவதில்லை. எரிச்சல் படுவார்கள், இல்லையென்றால் ஒன்றுமே பேசமாட்டார்கள். அந்த நேரத்தில் குத்திக் காட்டினால் அடுத்த தடவை உடம்புக்கு என்ன வந்தாலும் நம்மிடம் மறைத்துவிடுவார்கள். திட்டுவதை ஊருக்கு வந்த பிறகு திட்டிக்கொள்ளலாம். நானும் வந்த பிறகு திட்டினேன்!

சாயங்காலம் மெதுவாக இறங்கிக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். உதயம் பார்க்கவில்லை, அஸ்தமனம் பார்த்தோம்.

ஊருக்கு வந்த பிறகுதான் பெரிய கஷ்டம். தலைசுற்றல் முழுசாக நின்று, டாக்டர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் சாரம் ஏறக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொத்தனார் சாரம் ஏறாமல் என்ன செய்வார்? ஒரு வாரத்தில், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்"ன்னு கரண்டியும் மட்டக்கோலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலை மறித்து நின்றேன். "சாரத்துல நிக்கும்போது ஒரு நிமிஷம் சுத்தினா போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாலாம் நாளே குனிந்து செருப்பு மாட்டும்போது மறுபடி சுற்றியது. தாலுகா ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் இன்னொரு தடவை தலையைத் திருப்பிவிட்டார். அதோடு நின்றது. திரும்ப வரக்கூடும், வந்தால் பயப்படாமல் உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் முழுக்கூலி இல்லை. தரையில் நின்று செய்கிற பூச்சு வேலை மட்டும் பார்த்தார். குழுத் தவணையை அந்த மாதம் பால் பணத்தில் கட்டினேன். ஊக்குநரே தவணை தவறினால் மற்றவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் வைத்திருக்கிறோம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் வைத்திருக்கிறோம். வீட்டில் இருக்கிறவர் உடம்பைப் பற்றி ஒரு தாள் வைத்திருக்கிறோமா? இப்போது நான் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

பெயர், வயது. என்ன வியாதி, எத்தனை வருஷமாக. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. (எழுத வரவில்லையா? காலியான மாத்திரைப் பட்டையில் பெயர் உள்ள பக்கத்தை வெட்டி ஒட்டிவிடுங்கள்.) எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. முன்பு நடந்த ஆபரேஷன். சொந்தக்காரர் இரண்டு பேருடைய போன் நம்பர், ஏனென்றால் செல்போனில் சார்ஜ் இறங்கிவிட்டால் ஒரு நம்பரும் நமக்கு ஞாபகம் வராது. மருத்துவக் காப்பீட்டு அட்டை நகல். வெளியூர் போனால் தங்குகிற இடத்தின் பெயர், தெரு. இதே தாள் இரண்டு. ஒன்று பெட்டியில், ஒன்று என் கைப்பையில். மாத்திரையும் அப்படித்தான், பாதி அவரிடம், பாதி என்னிடம்.

என் தாளை அவரை விட்டு எழுதச் சொன்னேன். பெயர், வயது எழுதினார். வயதையே இரண்டு வருஷம் கூட்டி எழுதினார். "என்ன மாத்திரை சாப்பிடுறேன்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சிவப்பு மாத்திரை" என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

இப்போது அவர் சாரம் ஏறுகிறார். படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். கண்ணாடிப் பாலத்தை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை போகலாம்" என்று அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள். நம் குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே போட்டுவிட்டோம். உங்கள் குழுவிலும் போடுங்கள்.